ஸ்காண்டிநேவிய மொழிகள்: எங்கே, எதில் தொடங்குவது?

கேள்வி: எம்.ஏ. மொழியியல் முடிக்கப்போகிறேன். குடியேறியவர்களின் பேச்சை ஆராய ஆசை. அமெரிக்காவில் ஸ்காண்டிநேவிய மொழிகள் படிக்கச் சொல்கிறார் பேராசிரியர். எந்தப் பல்கலைக்கழகம், எந்த மொழி?

பதில்: உங்கள் ஆசைக்கு விஸ்கான்சின்-மேடிசன்தான் முதலில் பார்க்க வேண்டிய இடம். தரவரிசையை வைத்துச் சொல்லவில்லை. அங்கே இந்தப் படிப்பு தொடங்கியதே குடியேறியவர்களால்தான். 1875-இல் ஸ்காண்டிநேவிய மொழிகளுக்கான பேராசிரியர் பதவி உருவானது. அதில் அமர்ந்த ராஸ்மஸ் ஆண்டர்சன், விஸ்கான்சினிலேயே பிறந்த நார்வேக் குடும்பத்துப் பிள்ளை. கொலம்பஸுக்கு முன்பே வைகிங்குகள் அமெரிக்காவுக்கு வந்துவிட்டார்கள் என்று ஊரெல்லாம் வாதாடியவர். அவர் காலத்தில் இந்தப் படிப்பு ஆராய்ச்சியைவிட இனப்பெருமைதான் என்பது என் கருத்து.

1931-இல் ஐனார் ஹாவ்கன் வந்த பிறகுதான் எல்லாம் மாறியது. அவரும் நார்வேயிலிருந்து குடியேறியவர்களின் மகன். பண்ணை வீடுகளில் பேசிய நார்வேஜியனை ஒலிப்பதிவு செய்தார். வயல், வேலி போன்றவற்றுக்கு ஆங்கிலச் சொற்களை அவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள், அவற்றுக்கு ஆண்பால், பெண்பால் போன்ற எந்த இலக்கணப் பாலைக் கொடுத்தார்கள் என்றெல்லாம் துருவினார். 1953-இல் வந்த அவருடைய இரண்டு தொகுதி நூலை, மற்ற குடியேற்ற மொழிகளை ஆராய்பவர்களும் இன்றுவரை புரட்டுகிறார்கள். விண்ணப்பம் எழுதும் முன் நீங்களும் படித்துவிடுங்கள். கூடவே, கடன்சொற்கள் பற்றிய அவரது 1950-ஆம் ஆண்டுக் கட்டுரையையும்.

மொழி? நார்வேஜியன். ஸ்வீடிஷ், டேனிஷ் இரண்டையும் ஓரளவு புரிந்துகொள்ள அதுவே வசதியான இடம். எழுத்தில் நார்வேஜியனுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. பெரும்பாலோர் எழுதும் பூக்மோலில் தொடங்குங்கள், நீநோர்ஸ்க் அப்புறம். ஐஸ்லாண்டிக் பழைய இலக்கியத்துக்கு அவசியம், உங்கள் தலைப்புக்கு இப்போது வேண்டாம். ஃபின்னிஷ் வேறு குடும்பம்.

நார்வேயின் என்.டி.என்.யு. பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசத் தொடக்கப் பாடம் வைத்திருக்கிறது. வாசித்துப் புரிந்தால் போதும் என்று நிறுத்திவிடாதீர்கள், பேசவும் பழகுங்கள். அமெரிக்காவில் முனைவர் பட்ட மாணவர்களுக்குப் பல சமயம் உதவித்தொகை வருவதே இளநிலை மாணவர்களுக்கு மொழி வகுப்பு எடுப்பதன் வழியாகத்தான்.

தேடும்போது ஒரு சிக்கல் வரும். மேடிசனில் ஸ்காண்டிநேவியத் துறை இப்போது தனியாக இல்லை; ஜெர்மன், நார்டிக், ஸ்லாவிக் மூன்றையும் சேர்த்த துறைக்குள் இருக்கிறது. அந்தப் பெயரில் தேடி, குடியேற்ற மொழிகளில் வேலை செய்யும் ஆசிரியர் இப்போது யார் என்று பார்த்து, விண்ணப்பிக்கும் முன்பே அவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்.