இறால் வளர்ப்பில் கொடிகட்டிப் பறந்த நாடுகள் இப்போது இறாலை இறக்குமதி செய்வது ஏன்? நோய்தான் காரணமா?

நோய் பாதிக் காரணம். மீதிப் பாதி கணக்கு.

நான் ஒன்பது வருடம் இறால் குளத்தில் டெக்னீஷியனாக இருந்தவன். அதன் பிறகு ஐந்து வருடம் ஒரு பதப்படுத்தும் ஆலையில், வந்து இறங்கும் சரக்கைப் பரிசோதிக்கும் வேலை. ஆலை வெளிநாட்டு இறாலை வாங்க ஆரம்பித்ததால்தான் அந்த இரண்டாவது வேலையே எனக்குக் கிடைத்தது. அதாவது எந்தச் சரக்கு எங்கள் குளத்தை மூட வைத்ததோ, அதே சரக்குதான் எனக்குச் சம்பளமும் கொடுத்தது. இதைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதுதான் நியாயம்.

இந்தக் கதை முதலில் நடந்து முடிந்த இடம் தைவான். 1968-இல் லியாவ் ஐ-சியூ என்ற விஞ்ஞானி, கறுப்பு டைகர் இறாலை முட்டையிலிருந்து குஞ்சாக வளர்த்துக் காட்டினார். இருபது வருடத்துக்குள் அந்தச் சின்னத் தீவு உலகத்தின் முன்வரிசைக்கு வந்தது. 1987-இல் உற்பத்தி 80 ஆயிரம் டன்னைத் தாண்டியது. அடுத்த வருடமே பாதிக்கும் கீழே விழுந்தது. வைரஸ் இருந்தது, உண்மை. ஆனால் வைரஸ் வந்து சேர்ந்த இடம் எப்படி இருந்தது? குளத்தோடு குளம் ஒட்டிக் கிடந்தன. ஒருவர் திறந்துவிட்ட கழிவு நீரைத்தான் அடுத்தவர் மோட்டார் போட்டு உள்ளே இழுத்தார். உப்பைக் குறைக்க நிலத்தடி நீரை வருடக்கணக்கில் உறிஞ்சியதில், தெற்குத் தைவானின் பிங்டுங் கரையோரத்தில் நிலமே அமிழ்ந்துபோனது. இப்படிப்பட்ட இடத்தில் எந்தக் கிருமிக்கும் கஷ்டமே இல்லை.

தைவானில் தொழில் படுத்ததும் அங்கிருந்த தொழில்நுட்பமும் ஆட்களும் மற்ற ஆசிய நாடுகளுக்கு நகர்ந்தார்கள். தாய்லாந்து மேலே வந்தது. தொண்ணூறுகளில் வெள்ளைப்புள்ளி என்ற வைரஸ் நோய் ஆசியா முழுக்கச் சுற்றியது. டைகரை விட்டுவிட்டு, முட்டையிடுவதற்கு நோயற்ற தாய் இறால் கிடைக்கிற வனாமி என்ற இன்னொரு இறால் வகைக்கு எல்லோரும் மாறினார்கள். 2010 வாக்கில் தாய்லாந்து 6 லட்சம் டன் அளவுக்கு உற்பத்தி செய்துகொண்டிருந்தது. அப்புறம் வந்தது 'இ.எம்.எஸ்.' என்று நாங்கள் சொல்கிற இளம்பருவச் சாவு. 2009-இல் சீனாவில் தலைகாட்டி, வியட்நாம், மலேசியா என்று நடந்து 2012-இல் தாய்லாந்துக்குள் நுழைந்தது. 2013-இல் அங்கே உற்பத்தி 3 லட்சம் டன்னுக்கும் கீழே. அதே வருடம்தான் அரிசோனா பல்கலைக்கழகத்தின் டொனால்ட் லைட்னர் குழு காரணத்தைக் கண்டுபிடித்தது. எல்லாக் கடலோர நீரிலும் சாதாரணமாக இருக்கிற விப்ரியோ பாராஹீமோலிட்டிக்கஸ் பாக்டீரியாதான். அதில் சில வகைகள் மட்டும் ஒரு நச்சு மரபணுவைச் சுமந்துகொண்டு திரிந்தன.

அது குளத்தில் எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். 'செக் ட்ரே' என்று ஒன்று உண்டு. வலை அடித்த சதுரத் தட்டு. கொஞ்சம் தீவனம் வைத்துக் குளத்து ஓரத்தில் இறக்கிவிட்டு, ஒன்றரை மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்ப்போம். தீவனம் தீர்ந்திருந்தால் குளம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். குஞ்சு விட்டு இருபத்து நான்காவது நாள் மதியம் தூக்கினேன். வைத்த தீவனம் அப்படியே ஊறிக் கிடந்தது. மூலையில் நாலைந்து இறால். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். முதுகில் கறுப்புக் கோடாகத் தெரிய வேண்டிய குடல் வெறுமையாக இருந்தது. தலைப்பகுதியில் பழுப்பாகப் புடைத்திருக்க வேண்டிய ஈரல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. அதை எடுத்து விரலிடுக்கில் வைத்து நசுக்கினேன். நசுங்கவில்லை. நல்ல ஈரல் வெண்ணெய் மாதிரி நசுங்கிவிடும். முதலாளி கரையில் நின்றபடியே, "என்ன தம்பி, சாப்பிட்டிருக்கா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை.

இரண்டு கிராம்கூட இல்லாத இறால். பிடித்து விற்கவும் வழியில்லை. ப்ளீச்சிங் பவுடர் போட்டு முடித்தோம்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். அந்த மாதிரிச் சாவு வந்து எங்கள் முதலாளி தொழிலை விடவில்லை. இருபத்து நாலு நாளில் போனால் நஷ்டம் குஞ்சும் கொஞ்சம் தீவனமும்தான். காயப்போட்டு, சுண்ணாம்பு அடித்து, மறுபடி விட்டார். அவரை முடித்தது இறாலைக் கொல்லாத ஒரு நோய்.

அதன் பெயர் ஈ.எச்.பி. ஈரலுக்குள் குடியிருக்கும் நுண்ணிய ஒட்டுண்ணி. இறால் சாகாது, சாப்பிடும், நீந்தும், வளராது. குளத்தில் வெள்ளை நூல் மாதிரி எச்சம் மிதக்க ஆரம்பிக்கும். கணக்கைப் பாருங்கள். 4,000 சதுர மீட்டர் குளத்தில் சதுர மீட்டருக்கு 100 வீதம் 4 லட்சம் குஞ்சு விடுகிறோம். 80 சதவீதம் பிழைத்து, ஒவ்வொன்றும் 20 கிராம் வந்தால் 6,400 கிலோ. கிலோவுக்கு 50 இறால், அதாவது 50 கவுன்ட். அதே 80 சதவீதம் பிழைத்து, அதே நாள்கள் கழித்து 10 கிராமில் நின்றால் 3,200 கிலோ, 100 கவுன்ட். எடை பாதி. கவுன்ட் ஏறினால் கிலோ விலையும் இறங்கும், அதனால் வரவு பாதிக்கும் கீழே. செலவோ பாதியாகாது. நல்ல குளத்தில் ஒரு கிலோ இறாலுக்கு 1.4 கிலோ தீவனம் போதும். இதில் இரண்டைத் தாண்டும். மொத்தச் செலவில் பாதிக்கு மேல் தீவனம் என்பதை நினைவில் வையுங்கள். தண்ணீரில் காற்றைக் கலக்க இரவு முழுக்க ஓடும் ஏரேட்டருக்கு இறாலின் எடை தெரியாது, அதன் மின்கட்டணம் அப்படியே. ஒட்டுண்ணியின் வித்துகள் மண்ணிலேயே கிடக்கும். அவற்றைக் கொல்ல, ஹெக்டேருக்கு 6 டன் சுட்ட சுண்ணாம்பைப் போட்டு உழுது ஈரமாக்க வேண்டும் என்பார்கள். செய்தோம். அதுவும் செலவுதான்.

இப்படி இரண்டு மூன்று பருவம் கையைக் கடித்துக்கொண்டிருந்தபோதுதான் சந்தையில் ஈக்குவடார் இறால் வந்து நின்றது.

ஈக்குவடார் கதையையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அங்கேயும் இதே அடிதான் விழுந்தது. 1999-இல் வெள்ளைப்புள்ளி நுழைந்து, அடுத்த வருடத்துக்குள் அவர்கள் உற்பத்தியைப் பாதிக்கும் கீழே தள்ளியது. அவர்கள் போன வழி வேறு. நாங்கள் நோயற்ற தாய் இறாலை வெளியிலிருந்து வரவழைத்து, குளத்துக்குள் கிருமியே வராமல் பார்த்துக்கொள்ள முயன்றோம். அவர்கள் நோய் வந்த குளத்தில் பிழைத்துக் கிடந்த இறாலையே தாய் இறாலாக எடுத்து, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வந்தார்கள். பல ஹெக்டேர் பரப்புள்ள பெரிய குளங்களில் சதுர மீட்டருக்குப் பத்து இருபது என்று மெலிதாக விட்டார்கள். பிறகு தானியங்கித் தீவனக் கருவிகள் வந்தன. இறால் தீவனத்தைக் கடிக்கும் சத்தத்தைத் தண்ணீருக்குள் ஒலிவாங்கி வைத்துக் கேட்டு, பசிக்கு ஏற்பத் தீவனம் போடுகிற கருவிகள்கூட உண்டு. (நான் ட்ரேயைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்த அதே வேலைதான்.) 2022-இல் அவர்கள் ஏற்றுமதி 10 லட்சம் டன்னைத் தாண்டிவிட்டது. அந்த அளவுக்குச் சரக்கு வந்தால் உலக விலை என்ன ஆகும்? விழுந்தது. சதுர மீட்டருக்கு நூறு விட்டு, மின்சாரத்தில் உயிர் பிழைக்க வைத்த எங்கள் இறாலின் அடக்க விலைக்கும் கீழே போனது.

சரி, இப்போது ஆலைப் பக்கம் வாருங்கள். பதப்படுத்தும் ஆலை என்பது ஒரு பெரிய குளிர்ப்பெட்டி. இறால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஓடியாக வேண்டும். உரிக்கிற பெண்களுக்கு வேலை கொடுத்தாக வேண்டும். வாங்குபவர் இந்த மாதம் இத்தனை கன்டெய்னர் என்று ஒப்பந்தம் போட்டிருப்பார். உள்ளூர்க் குளங்களில் நோய் என்றால் அவர் காத்திருக்க மாட்டார், வேறு நாட்டுக்குப் போய்விடுவார். தாய்லாந்தில் நடந்தது இதுதான். ஒரு காலத்தில் உலகத்துக்கே இறால் அனுப்பிய அந்த நாடு, 2022-இல் ஈக்குவடாரிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் பத்தாயிரம் டன் அளவுக்கு இறாலை உள்ளே விட இசைந்தது. ஆலைகள் நிற்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆலைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஆனால் விளைவு ஒன்று உண்டு. ஆலை இறக்குமதிக்குப் பழகிய பிறகு, பண்ணைக்காரர் விலை பேசும் பலம் போய்விடுகிறது. நோய் இல்லாத நல்ல வருடத்திலும் அவருக்குக் கிடைப்பது வெளிநாட்டுச் சரக்கின் விலைதான். முன்பெல்லாம் இரண்டு பருவம் தோற்றால் மூன்றாவதில் மேலே வந்துவிடலாம்; வரத்து குறைந்தால் விலை ஏறும் என்பதால் பிழைத்தவருக்கு லாபம். அந்த வழி இப்போது அடைபட்டுவிட்டது. குளங்கள் குறைந்ததும் பக்கத்திலிருந்த ஹேச்சரி, அதாவது குஞ்சு பொரிப்பகம், மூடியது. குஞ்சு தொலைவிலிருந்து பையில் வர ஆரம்பித்தது, வழியிலேயே வாடியது. கிருமியைக் கண்டறியும் பி.சி.ஆர். பரிசோதனைக் கூடம் மூடியது. ஏரேட்டர் ரிப்பேர் பார்த்தவர் வேறு தொழிலுக்குப் போனார். இரவு இரண்டு மணிக்கு ஏரேட்டர் நின்றால், விடியும் முன் ஆக்ஸிஜன் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போய்விடும். அந்த நேரத்தில் வந்து நிற்க ஆள் இல்லை என்றால் யார் நூறு நாள் ரிஸ்க் எடுப்பார்?

இன்னொரு கூத்து. நோயால் இறக்குமதி வருகிறது என்று பேசுகிறோமே, இறக்குமதியால் நோய் வருவதும் உண்டு. வெள்ளைப்புள்ளி வைரஸ் உறைந்த பச்சை இறாலில் உயிரோடு இருக்கும். சமைத்தால் செத்துப்போகும், சாப்பிடுபவருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதே இறாலை ஒருவர் தூண்டிலில் இரையாகக் கோத்துப் பண்ணைக்குப் பக்கத்து ஆற்றில் போட்டால்? 2016 கடைசியில் ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்தின் லோகன் ஆற்றுப் பண்ணைகளில் வெள்ளைப்புள்ளி வெடித்தபோது பெரிய சந்தேகம் இதன் மேல்தான் விழுந்தது. எப்படி வந்தது என்பது கடைசிவரை நிரூபணமாகவில்லை. ஆனால் கடைகளில் விற்ற இறக்குமதி இறாலைப் பரிசோதித்தபோது வைரஸ் கிடைத்தது. குளங்களில் குளோரின் கொட்டி எல்லா இறாலையும் அழித்தார்கள். 2017 ஜனவரியில் பச்சை இறால் இறக்குமதியை நிறுத்தி, சில மாதம் கழித்துக் கடுமையான விதிகளோடு மறுபடி திறந்தார்கள். நிரந்தரமாக மூட முடியவில்லை. உள்நாட்டு இறால் மட்டும் போதாதே.

அமெரிக்காவை இந்தக் கேள்வியில் சேர்க்க மாட்டேன். அங்கே பண்ணை பெரிதாக வளரவே இல்லை. சாப்பிடும் இறாலில் 90 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வருவது. அதில் அடி வாங்கியவர்கள் கடலில் வலை இழுப்பவர்கள். 2005-இல் ஆறு நாடுகளின் இறாலுக்குப் பொருள்குவிப்புத் தடுப்பு வரி (நியாயமான விலைக்கும் கீழே கொண்டுவந்து கொட்டுவதைத் தடுக்கும் வரி) போட்டும் வரத்து நிற்கவில்லை.

இறக்குமதியை நம்பினால் நிம்மதியா என்றால், அதுவும் இல்லை. தைவான் பல வருடம் ஹோண்டுராஸ் இறாலை வரிச்சலுகையில் வாங்கியது. 2023 மார்ச்சில் ஹோண்டுராஸ் தைவானோடு உறவை முறித்துச் சீனாவோடு கைகோத்தது. சலுகை போயிற்று, ஹோண்டுராஸ் பண்ணைகள் தங்கள் முக்கியமான சந்தையை இழந்து தவித்தன. அங்கே குளத்தைக் காலி செய்தது நோய் இல்லை, இரண்டு வெளியுறவு அமைச்சகங்கள்.

ஆலையில் என் மேசைக்கு வந்த உறைந்த இறால் கட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. உறைந்த இறாலின் மேல் மெல்லிய பனிப்பூச்சு இருக்கும், காய்ந்து போகாமல் காக்க. அது தேவைதான். ஆனால் எடையில் அது எவ்வளவு என்பதில்தான் விளையாட்டு. தண்ணீரில் வைத்துப் பனி கரைந்ததும் வடித்து எடை போட்டால், பெட்டியில் அச்சிட்ட எடைக்கும் தராசுக்கும் இடையில் நல்ல இடைவெளி தெரிந்த நாள்கள் உண்டு. பாஸ்பேட் கரைசலில் ஊறவைத்து நீரேற்றிய இறால் கையில் வழுக்கும், வாணலியில் போட்டதும் சுருங்கும். குளத்தில் கிராம் கிராமாக எடை ஏற்றப் போராடிய எனக்கு அதைப் பார்க்கும்போது எரிச்சலாக இருக்கும். 'மலிவு' என்பதில் ஒரு பங்கு தண்ணீர்.

எங்கள் முதலாளி ஆறு குளம் வைத்திருந்தார். நான்கைக் கொடுவா மீனுக்கு மாற்றிவிட்டார். ஒன்று புல் மண்டிக் கிடக்கிறது. கடைசியில் இருப்பதில் மட்டும் இன்னும் இறால் விடுகிறார். சதுர மீட்டருக்குப் பதினைந்துதான், ஒரே ஒரு ஏரேட்டர். மூன்று பருவமாக நோய் இல்லை, இறால் நன்றாகவும் வளர்கிறது. போன பருவம் அந்த இறாலை ஆலைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லி எனக்கு போன் செய்தார். கொள்முதல் மேலாளரிடம் கேட்டேன். "எத்தனை டன்?" என்றார். ஒன்றரை டன் வரும் என்றேன். கன்டெய்னர் கணக்கில் வந்தால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, அன்று வர வேண்டிய சரக்கு துறைமுகத்திலிருந்து கிளம்பிவிட்டதா என்று விசாரிக்கப் போய்விட்டார்.