ரவிக்கை தைக்கத் தெரியும், துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் குவில்ட் புதிது. முதலில் எந்த பிளாக் (குவில்ட்டில் சேரும் ஒரு சதுரப் பகுதி) தைத்துப் பழகலாம்?

நைன் பேட்ச் எடுங்கள். மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று சதுரம். அழுத்தமான நிறத்தில் ஐந்து, வெளிர் நிறத்தில் நான்கு, மாற்றி மாற்றி வரும். வளைவும் கிடையாது, முக்கோணமும் கிடையாது.

ரவிக்கை தைத்த கைக்குப் புதிதாகப் படிய வேண்டியது துணி விளிம்பிலிருந்து கால் இஞ்ச் தள்ளிப் போடும் தையல்தான். ரவிக்கையில் பின்னால் பிரித்துவிட உள்ளே தாராளமாகத் துணி விடுவோம், கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் உடம்பில் உட்கார்ந்துவிடும். இங்கே அந்தச் சலுகை இல்லை. 2½ இஞ்ச் சதுரங்கள் வெட்டினால் பிளாக் 6½ இஞ்ச் வர வேண்டும். தையல் 1/16 இஞ்ச் உள்ளே தள்ளிப்போனால் இரண்டு பக்கத் துணியிலும் அவ்வளவு போகும். குறுக்கே இரண்டு தையல் இருப்பதால் பிளாக் 6¼தான் வரும். பக்கத்து பிளாக்கோடு அது எப்படிச் சேரும்?

அதனால் முதலில் 1½ இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டைகளை இணைத்து இஸ்திரி போட்டுப் பாருங்கள். நடுப்பட்டை சரியாக 1 இஞ்ச் இருக்க வேண்டும். குறைந்தால் தையலை விளிம்புப் பக்கம் ஒரு இழை நகர்த்துங்கள். அளவு கிடைத்ததும் அந்த இடத்தில் மெஷின் தகட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள், துணியை நகர்த்தும் பல் மறையாமல்.

துணி காட்டனாக இருக்கட்டும். மிச்சமிருக்கும் பட்டு பிட்டையெல்லாம் இப்போதைக்குத் தொடாதீர்கள், வழுக்கிக்கொண்டே போகும். கலம்காரி, சுங்குடி என்றால் நனைத்துச் சாயம் போகிறதா பார்த்துவிட்டு வெட்டுங்கள். ரோட்டரி கட்டர் (உருட்டி வெட்டும் வட்டக் கத்தி) இல்லாவிட்டால் பரவாயில்லை. அட்டையில் சதுரம் வெட்டி, துணியின் நேர் இழையில் வைத்து வரைந்து கத்தரியாலேயே வெட்டலாம். கிராஸாக வெட்டினால் இழுத்துக்கொள்ளும்.

மூன்று வரிசையையும் தனித்தனியாகத் தைத்ததும் இஸ்திரி. தையலை இரண்டாக விரிக்காமல் அழுத்தமான நிறத்துப் பக்கம் சாயுங்கள். பெட்டியை இழுத்துத் தேய்க்காமல் வைத்து வைத்து எடுங்கள். இப்போது இரண்டு வரிசைகளை நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி அடுக்கினால், மேல் மடிப்பு ஒரு பக்கமும் கீழ் மடிப்பு எதிர்ப்பக்கமும் சாய்ந்திருக்கும். விரலால் மெல்லத் தள்ளுங்கள், இரண்டும் டக்கென்று முட்டி நிற்கும். அங்கே குண்டூசி குத்தித் தைத்தால் மூலைகள் நூல் பிடித்தது மாதிரி சேரும்.

நான்கு பிளாக் தைத்து இணைத்தால், தையலுக்குள் போவது போக 12 இஞ்ச் குஷன் உறையின் முன்பக்கத்துக்குச் சரியாக இருக்கும். அப்புறம் படுக்கை விரிப்பு அளவுக்குப் போகலாம்.