புள்ளிமானும் புள்ளித் திருக்கையும்

கேள்வி: கோடியக்கரைக் காட்டில் புள்ளிமானைப் பார்த்துவிட்டுக் கடற்கரைக்கு வந்தோம். அங்கே ஏலத்துக்குக் கிடந்த புள்ளித் திருக்கையைக் கண்ட என் பேரன், "பாட்டி, இரண்டும் சொந்தமா?" என்று கேட்டான். என்ன சொல்வது? மான்கொம்பு விழுந்து முளைப்பதுபோல் திருக்கையின் வால்முள்ளும் முளைக்குமா?
– ஒரு வாசகி, வேதாரண்யம்

பதில்: இரண்டும் முதுகெலும்பிகள் என்பதற்கு மேல் சொந்தம் கொண்டாட இடமில்லை; அதிலும் திருக்கையின் உடலில் இருப்பது வெறும் குருத்தெலும்புதான். புள்ளிகளும் வேறு. மான்கன்று பிறக்கும்போதே கொண்டுவரும் வெண்புள்ளிகள் கடைசிவரை நிலைத்திருக்கும்; திருக்கைக்கோ வளர வளரக் கரும்புள்ளிகள் பெருகி நெருங்கிவிடும்.

வால்முள் முளைக்கும். ஆண் புள்ளிமான் ஆண்டுதோறும் உதிர்த்து வளர்க்கும் கொம்பு முழுக்க எலும்பு. (அதே காட்டில் துள்ளும் வெளிமானின் முறுக்குக் கொம்பு உதிர்வதேயில்லை. 1967இல் சரணாலயம் அமைந்ததே வெளிமானுக்காகத்தான் என்றாலும், விலங்கியல் கணக்கில் அது மான் குடும்பமன்று, ஆடுமாடுகளின் குடும்பம்.) திருக்கையின் முள், தோற்செதிளிலிருந்து உருவாகிப் பல்லை ஒத்த பொருளால் ஆனது, ஆண், பெண் இரண்டுக்கும் உண்டு. பழையது விழுமுன்பே புதியது முளைப்பதால் சில வால்களில் இரண்டு முட்கள் தென்படும். ரம்பம் போன்ற ஓரங்களும் மேலுறைத் திசுவில் நஞ்சும் இருப்பதால், மீனவர்கள் முதல் வேலையாக அதை ஒடித்துவிடுவார்கள்.

பேரன் கேட்ட சொந்தத்தை நானாக இருந்தால் தாய்மையில் தேடுவேன். திருக்கை முட்டையிடுவதில்லை, குட்டி போடுகிறது. மஞ்சள்கரு தீர்ந்தபின், தாயின் கருப்பைச் சுவரில் ஊறும், கொழுப்பும் புரதமும் நிறைந்த பால்போன்ற நீரை உண்டு குட்டிகள் வயிற்றுக்குள்ளேயே வளர்கின்றன. மான்கன்று ஏறத்தாழ ஏழரை மாதம் தொப்புள்கொடியை நம்பியிருந்து, பிறந்த பின்பே மடியில் வாய் வைக்கிறது. திருக்கைக் குட்டியோ பால்குடியை முடித்துக்கொண்டே பிறப்பதால், பிறந்த கணத்திலிருந்து தாயைத் தேடுவதில்லை. மான் பெரும்பாலும் ஒரு கன்றுதான் ஈனும். திருக்கையும் சில குட்டிகளே ஈனும். முட்டைகளை இலட்சக்கணக்கில் கொட்டும் மீன்களோடு அதைச் சேர்த்து எண்ணக்கூடாது. சினைத் திருக்கை வலையில் சிக்கினால், பதற்றத்தில் படகிலேயே குட்டிகளை வெளியேற்றிவிடுவதும் உண்டு. அக்குட்டிகளின் வாலைப் பார்த்தால் முள் அப்போதே இருக்கும். மெல்லிய உறை மூடியிருப்பதால் தாயின் வயிற்றை அது கிழிப்பதில்லை.