ஐரிஷை ஹையர் லெவலிலேயே படிக்கட்டும்

டப்ளினிலிருந்து எழுதியிருக்கும் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் லீவிங் சர்ட் (அயர்லாந்தின் பள்ளி இறுதித் தேர்வு) எழுத இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. மருத்துவம் வேண்டாம், பொருளாதாரமும் பிரெஞ்சும் படித்துவிட்டு பிரஸ்ஸல்ஸில், ஐரோப்பிய ஒன்றியத்தில் வேலைக்குப் போகிறேன் என்கிறாள். படிக்கிற மேசைக்கு மேலே கேத்தரின் டே படத்தை ஒட்டி வைத்திருக்கிறாள். "இதெல்லாம் நம்மைப் போன்றவர்களுக்கு நடக்கிற காரியமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நடக்கிற காரியம்தான். ஆனால் அவசரப்பட்டால் நடக்காது.

அந்தப் படத்தில் இருப்பவரின் கதையையே பாருங்கள். 1954-இல் பிறந்த டப்ளின்காரர். யூசிடி என்கிற டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தார். கொஞ்ச காலம் ஒரு வங்கியிலும், பிறகு தொழில் கூட்டமைப்பிலும் வேலை பார்த்துவிட்டு 1979-இல், ஒன்றியத்தின் நிர்வாகத்தை நடத்தும் ஐரோப்பிய ஆணையத்தில் சேர்ந்தார். 2005-இல் அதன் பொதுச் செயலாளர் ஆனார். நம் ஊரில் தலைமைச் செயலாளர் என்கிறோமே, கிட்டத்தட்ட அந்தப் பொறுப்பு. அதில் அமர்ந்த முதல் பெண் அவர்தான், பத்து வருடம் இருந்தார். சேர்ந்ததற்கும் அந்த நாற்காலிக்கும் நடுவே 26 வருடம். நம் ஊர் அமைச்சர்களைப் போன்ற ஆணையர்களின் தனி அலுவலகங்களில் கோப்பு பார்த்தார், கிழக்கு ஐரோப்பிய நாடுகளை ஒன்றியத்தில் சேர்க்கும் வேலையில் இருந்தார், 2002-இல் சுற்றுச்சூழல் துறையின் தலைமைக்கு வந்தார். அவருக்கு முன்னால் பொதுச் செயலாளராக இருந்த டேவிட் ஓசல்லிவனும் டப்ளின்காரர், அவரும் 1979-இல் சேர்ந்தவர். ஆக, ஐம்பது லட்சத்தைச் சுற்றி மக்கள்தொகை கொண்ட ஒரு நாட்டின் இரண்டு பேர் அடுத்தடுத்து 15 வருடம் அந்த நிர்வாகத்தை நடத்தியிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் உங்கள் மகளிடம் சொல்லுங்கள். அயர்லாந்தில் 1973 வரை, அரசு வேலையில் இருக்கும் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனால் வேலையை விட்டுவிட வேண்டும் என்று விதி இருந்தது. அந்த விதி போனதும் நாடு ஐரோப்பியக் கூட்டமைப்பில் (இன்றைய ஒன்றியத்தின் முன்னோடி) சேர்ந்ததும் ஒரே வருடத்தில். கேத்தரின் டே அப்போது கல்லூரி வயதுப் பெண்.

சரி, ஆணையத்தில் என்னதான் வேலை? கொடிக்குக் கீழே கைகுலுக்குவது அதில் சிறு பங்கு. சுற்றுச்சூழல் துறை ஒரு சட்ட வரைவு எழுதினால், அது மற்ற துறைகளுக்குப் போகும். ஒரு துறை சம்மதம் என்னும், ஒன்று திருத்தம் கேட்கும், ஒன்று முடியவே முடியாது என்னும். திங்கட்கிழமை ஆணையர்களின் அலுவலகத் தலைவர்கள் பொதுச் செயலாளர் தலைமையில் உட்கார்ந்து முடிச்சுகளை அவிழ்ப்பார்கள். புதன்கிழமை ஆணையர்கள் கூடும்போது பெரும்பாலானவை பேசித் தீர்ந்திருக்கும். தெளிவாக ஒரு பக்கம் எழுதவும், எதிராளி ஏன் மறுக்கிறார் என்று காது கொடுத்துக் கேட்கவும் தெரிந்தவர்தான் அங்கே நிலைப்பார். என்னிடம் வரும் பிள்ளைகளுக்குப் பத்துப் பக்க அரசு அறிக்கை ஒன்றைக் கொடுத்து ஒரே பக்கத்தில் எழுதச் சொல்வேன். நன்றாகவே எழுதுவார்கள். "இதனால் யாருக்கு நஷ்டம்?" என்ற ஒரு வரி மட்டும் பெரும்பாலும் விட்டுப்போகும்.

இப்போது முதலில் பார்க்க வேண்டியது குடியுரிமை. ஆணையத்தில் நிரந்தர அதிகாரியாக, ஒன்றிய நாடு ஒன்றின் குடியுரிமை வேண்டும். உங்களுக்கு ஐரிஷ் குடியுரிமை கிடைத்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். மகளுக்கு விண்ணப்பித்தாயிற்றா என்று எழுதவில்லை. அவள் சென்னையில் பிறந்தவள், அதனால் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். எடுத்தால் இந்தியக் குடியுரிமை போய்விடும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்தியர்களுக்கான ஓசிஐ அட்டைதான் வாங்க முடியும். இதை அவளோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

அடுத்தது மொழி. பாரம் குறையட்டும் என்று ஐரிஷ் பாடத்தை ஹையர் லெவலிலிருந்து, அதைவிட எளிதான ஆர்டினரி லெவலுக்கு மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் மனதுக்கு அது சரியாகப் படவில்லை. ஒன்றியத்தின் 24 அலுவல் மொழிகளில் ஒன்றில் முழுத் தேர்ச்சியும் இன்னொன்றில் நல்ல தேர்ச்சியும் கேட்பார்கள், முதல் பதவி உயர்வுக்கு முன்னால் மூன்றாவது மொழியிலும் வேலை செய்யத் தெரிய வேண்டும். ஐரிஷ் 2007-இல் அந்த வரிசையில் வந்தது, 2022 ஜனவரி முதல் முழு அந்தஸ்தோடு இருக்கிறது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஐரிஷ் என்று மூன்றும் அவள் கையிலேயே இருக்கின்றன. பள்ளி ஐரிஷ் மட்டும் போதாது, கோடை விடுமுறையில் கோல்வே பக்கம் ஐரிஷ் பேசும் ஊரில் சில வாரம் தங்கினால் நாக்கு பழகும்.

அப்புறம் வேலை. பட்டம் முடித்தவர்கள் ஆணையத்தில் சேரும் ஆரம்பப் பதவிக்கு ஏடி5 என்று பெயர். அனுபவம் கேட்பதில்லை, போட்டி கடுமை. தேறினாலும் ஒரு பட்டியலில் பெயர் வரும், அதிலிருந்து எந்தத் துறையாவது கூப்பிட வேண்டும். அதனால் இதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது. ஆணையத்தில் ஐந்து மாதப் பயிற்சி வருடத்துக்கு இரண்டு முறை உண்டு, உதவித்தொகை தருவார்கள். டப்ளினிலேயே வெளியுறவுத் துறையில் மூன்றாம் செயலாளர் என்ற ஆரம்பப் பதவி இருக்கிறது. ஓசல்லிவனே இரண்டு வருடம் வெளியுறவுப் பணியில் இருந்துவிட்டுத்தான் பிரஸ்ஸல்ஸ் போனார். பொருளாதாரமும் மொழியும் படித்த பெண்ணை மத்திய வங்கியும் வரித்துறையும்கூட எடுக்கும். மருத்துவம் இல்லையென்றால் தெருவில் நிற்பாள் என்ற பயம் வேண்டாம்.

இந்த வாரம் அவளை ஒரு அரசு அறிக்கையை எடுத்து ஒரு பக்கமாக எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அந்த நஷ்டக் கேள்வியை அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.