ஒரே சுவர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர்கள் வரிசையாக ஒட்டிக் குடியிருந்த லைன் வீட்டைப் பற்றி நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் பிறந்ததும் சாம்பியன் ரீஃப் சுரங்கத்துப் பக்கம் ஒரு லைனில்தான். “அந்தப் பொந்துக்குள்ள ஏழு பேர் கிடந்தோம், அதுல என்னடா அழகு?” என்று சிரிக்கிறார். உங்களுக்கு மட்டும் எப்படி அது இனிக்கிறது?

கு., ஓசூர்

அன்புள்ள கு.,

அம்மா சொல்வது சரிதான். எங்களுக்கும் ஒரே அறை, அதன் மூலையில் அடுப்பு. கக்கூஸ் லைனின் கோடியில். விடியுமுன்னே டப்பாவோடு வரிசை. காற்று காலத்தில் தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவுமண் குவிந்த சயனைடு மலையிலிருந்து வெள்ளைத் தூசி கிளம்பி வந்து சோற்றில் நறநறக்கும். காவிரி அருவியில் மின்சாரம் எடுத்த சிவசமுத்திரத்திலிருந்து 1902லேயே கரண்ட் வந்த ஊர் என்று பெருமை பேசுவோம். அது வந்தது சுரங்கத்துக்காக. எங்கள் அறையில் ஒரே ஒரு பல்பு.

ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது அறை இல்லை, இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த ஒரே சுவர். பக்கத்து வீட்டு அத்தை மிளகாய் வறுத்தால் எங்களுக்கு இருமல். மாமா நைட் ஷிஃப்ட் முடிந்து பகலில் தூங்கினால் நாங்கள் கிசுகிசுத்துத்தான் சண்டை போட வேண்டும்.

‘ஏர் பிளாஸ்ட்’ என்று அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பு நின்றுவிடும். தோண்டித் தோண்டி வெறுமையான ஆழத்தில் பாறை பாரம் தாங்காமல் வெடிக்கும். மேலே எங்கள் பரணில் சொம்பும் குண்டானும் கிணுகிணுக்கும். எனக்கு எட்டு வயதிருக்கும், ஒரு ராத்திரி அப்படித்தான். அப்பாவும் மாமாவும் கீழே சுரங்கத்தில். அம்மா பல்பைக்கூடப் போடவில்லை. சுவரில் அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு தரம் தட்டும் சத்தம். அம்மாவும் இரண்டு தரம் தட்டினாள். அப்புறம் லைன் முழுக்க ஒவ்வொரு தாழ்ப்பாளாகத் திறந்தது. பெண்கள் வாசலில் நின்று சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தை தூங்குகிற தம்பியை எங்கள் வீட்டிலிருந்து தூக்கி வந்து தோளில் போட்டுக்கொண்டாள். ஏன் என்று அம்மாவும் கேட்கவில்லை.

காலையில் இருவரும் வந்துவிட்டார்கள். அன்றைக்கு இரண்டு வீட்டுக்கும் ஒரே உலை.

2001 பிப்ரவரி 28ல் சுரங்கத்தை மூடினார்கள். போன வருடம் போயிருந்தேன். அத்தை வீடு பூட்டிக் கிடந்தது. எங்கள் பக்கத்துச் சுவரில் யாரோ டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள்.

அம்மா எந்த லைன் என்று கேட்டு எழுதுங்கள்.