ஒரு வீடியோ கேம் செய்ய ஏன் இத்தனை கோடி ஆகிறது?

“எல்லாமே கம்ப்யூட்டரில்தானே செய்கிறார்கள், செட்டு கிடையாது, ஹீரோ சம்பளம் கிடையாது, பிறகு ஏன் சினிமாவை மிஞ்சும் செலவு?” என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே வார்த்தையில் சொன்னால், சம்பளம்.

கேம் நிறுவனமான ஆக்டிவிஷனை மைக்ரோசாஃப்ட் வாங்குவதை எதிர்த்து அமெரிக்க அரசு அமைப்பு தொடர்ந்த வழக்கில், 2023இல் பிளேஸ்டேஷன் நிறுவனமான சோனி கொடுத்த ஆவணத்தில் ரகசிய எண்களைக் கறுப்பு மார்க்கரால் அடித்து ஸ்கேன் செய்திருந்தார்கள், கறுப்பு மையின் அடியில் எண்கள் பல்லிளித்தன! அதன்படி ‘ஹொரைஸன் ஃபர்பிடன் வெஸ்ட்’ கேமுக்கு 300 பேர், 5 வருடம், 21.2 கோடி டாலர். ஆளுக்கு மாதம் சுமார் 10,000 டாலர் என்று துறையில் அப்போது பொதுவாகப் போட்ட கணக்கை வைத்துப் பெருக்கினால் 18 கோடி வந்துவிடுகிறது.

சினிமாவில் கதவு வேண்டுமென்றால் கதவு இருக்கும் வீட்டில் போய் எடுக்கலாம். கேமில் அதை ஒருவர் வரைய, ஒருவர் அசைவு கொடுக்க, ஒருவர் கிறீச் சத்தம் சேர்க்க, எதிரி துரத்தும்போது பாதியில் மூடினால் என்ன ஆகும் என்று இன்னொருவர் நூறு தடவை திறந்து மூடிப் பார்க்க வேண்டும்.

அப்புறம் விளம்பரம். 2009இல் வந்த ‘மாடர்ன் வார்ஃபேர் 2’வை உருவாக்க 4-5 கோடி டாலர்தான், விளம்பரம், டிஸ்க், விநியோகம் எல்லாம் சேர்ந்தபோது 20 கோடி! ‘ஸ்டார்டியூ வேலி’யை ஒரே ஆள் நாலு வருடத்துக்கு மேல் உட்கார்ந்து செய்தாரே என்றால், சரிதான், அவருக்கு மாதச் சம்பளம் கொடுக்க யாரும் இல்லை.