இட்டேரியும் வாய்க்கால் கரையும்: கொங்கு நாட்டில் நடப்பவர்களுக்கான கேள்வி பதில்

நில அளவைப் பணியில் சங்கிலியும் வரைபடமுமாகக் கொங்குச் சீமையின் காடு தோட்டங்களில் பல ஆண்டுகள் நடந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் அந்த நடை நிற்கவில்லை. நாட்டுப்புற நடையையும் கடலோர நடையையும் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, என் கால்கள் அறிந்த அளவில் விடை தருகிறேன்.

கேள்வி (திருப்பூரிலிருந்து): ஒரு பக்கம் வயலும் மறுபக்கம் கடலுமாக, கரையோரப் பாதைகளில் மக்கள் நாள் கணக்கில் நடந்து செல்வதைப் படங்களில் பார்க்கிறேன். கடலே இல்லாத நம் பகுதியில் அப்படி நடக்கத் தகுந்த பாதை ஏதேனும் உண்டா ஐயா?

பதில்: உண்டு. இட்டேரி என்ற சொல்லை உங்கள் பாட்டனார் நாள்தோறும் சொல்லியிருப்பார். இரண்டு காடுகளின், அதாவது மேட்டு நிலங்களின், உயிர்வேலிகளுக்கு நடுவே, மாட்டு வண்டியும் ஆட்டு மந்தையும் போய்வருவதற்கென்று விடப்பட்ட மண்பாதைதான் அது. இருபுறமும் கிளுவையும் கள்ளியும் சங்கஞ்செடியும் நெருங்கி நிற்கும். அவற்றின் மேல் பிரண்டையும் கோவையும் படர்ந்திருக்கும். அந்த வேலிக்குள் கீரியும் ஓணானும் கௌதாரியும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கின்றன.

கடற்கரையில் நடப்பவரின் பார்வை முதல் அடியிலேயே அடிவானத்துக்குப் போய்விடுகிறது. இட்டேரியிலோ வேலி பார்வையை மறித்துக்கொண்டே வருவதால், மண்ணில் பதிந்த தடங்களையும், வேலியின் அடியில் சலசலக்கும் கௌதாரிக் குஞ்சுகளையும் பார்த்தபடி நடக்கிறோம். பிறகு ஒரு கடவு வரும். அங்கே வேலி விலகியவுடன், வெள்வேல மரங்கள் ஆங்காங்கே நிற்கும் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் முழுவதும், அதன் கோடியில் சிவன்மலையோ சென்னிமலையோ, ஒரே வீச்சில் கண்ணில் விழும். இத்தனை ஆண்டுகள் பார்த்த பிறகும் அந்த இடத்தில் நான் நின்றுவிடுகிறேன்.

காங்கேயம், வெள்ளக்கோவில், மூலனூர், தாராபுரம் ஆகிய ஊர்களுக்கு இடைப்பட்ட நிலத்தில் இட்டேரிகள் இன்னும் மிகுதியாக உள்ளன. கிராம வரைபடத்தில் வண்டிப்பாதை என்று குறிக்கப்பட்டிருப்பது பொதுவழி. தனியார் தோட்டத்துக்குள் போய் முடியும் தடம் அப்படியன்று; அங்கே கேட்டுத்தான் நுழைய வேண்டும்.

கேள்வி (ஈரோட்டிலிருந்து): வயதான பெற்றோரையும் எட்டு வயது மகளையும் அழைத்துச் செல்ல, மேடு பள்ளம் இல்லாத ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: காளிங்கராயன் வாய்க்கால் கரையைவிட உங்களுக்கு ஏற்றது வேறில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் காளிங்கராயன் என்ற கொங்குத் தலைவன் வெட்டுவித்து, 1283-இல் பணி நிறைவேறியதாகச் சொல்லப்படும் இந்த வாய்க்கால், பவானி ஆற்றில் தொடங்கி ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓடிக் கொடுமுடிப் பகுதியில் நொய்யலைச் சேர்கிறது. நிலத்தின் சரிவை ஒட்டி, உயரத்தை மெல்ல மெல்ல மட்டுமே இழக்கும்படி வளைந்து வளைந்து வெட்டப்பட்டிருப்பதால், பாம்பு ஊர்ந்து காட்டிய வழியில் தோண்டினார்கள் என்ற கதை பிறந்தது. கால்களுக்கு இதனால் கிடைக்கும் நன்மை, எவ்வளவு தொலைவு நடந்தாலும் ஏற்றம் என்பதே தெரியாது.

நகரத்தை ஒட்டிய பகுதியில் கழிவுநீர் கலந்த இடங்கள் உண்டு; அவற்றைத் தவிர்த்து, காலை ரயிலில் ஊஞ்சலூரில் இறங்கிக் கொடுமுடியை நோக்கித் தெற்காக நடந்து பாருங்கள். இடப்புறம், வாய்க்காலுக்கும் காவிரிக்கும் நடுவில், மஞ்சளும் கரும்பும் வாழையும் நெல்லுமாகப் பசுமை. வலப்புறம் நிலம் உயரத் தொடங்கியதும் வறண்ட மேட்டாங்காடு. ஒரு கரையின் அகலம்தான் இரண்டுக்கும் இடையே. இதை உங்கள் மகளுக்குக் காட்டிக் காரணம் கேளுங்கள். தண்ணீர் தன் மட்டத்துக்கு மேலே ஏறாது என்பதை அவளே கண்டுபிடித்துவிடுவாள். கொடுமுடியில் மகுடேசுவரரை வணங்கி, மாலை ரயிலில் திரும்பலாம்.

கீழ்பவானி வாய்க்கால் கரைக்குக் குழந்தையை அழைத்துச் செல்ல வேண்டாம். அது ஆழமானது, நீரோட்டம் வேகமானது, தவறி விழுந்தவர் ஏறிவரப் பிடிமானம் கிடைப்பதும் அரிது.

கேள்வி (காங்கேயத்தில் புதிதாகக் குடியேறிய ஒரு பெண்): கொரங்காடு என்பது தரிசு நிலம்தானே, அதற்குள் நடந்தால் என்ன தவறு?

பதில்: தரிசு அன்று, அம்மா. அது திட்டமிட்டு வளர்க்கப்படும் மேய்ச்சல் நிலம். கொழுக்கட்டைப் புல்லும், மண்ணுக்கு உரமூட்டும் சிறு பயறுவகைச் செடிகளும், நிழலும் காயும் தரும் வெள்வேலமும் சேர்ந்ததே ஒரு கொரங்காடு. காங்கேயம் மாடுகளின் உடற்கட்டு இந்தப் புல்லில் உருவானது. உரிமையாளர் ஒரு காட்டை மேய விட்டு, மற்றொன்றைப் புல் தழைக்கட்டும் என்று அடைத்து வைத்திருப்பார். நீங்கள் திறந்த வேலிக்கதவான படலைச் சாத்தாமல் போனால், அவருடைய பல மாதக் காத்திருப்பை மாடுகள் ஒரே நாளில் தின்றுவிடும். கேட்டுவிட்டுப் போங்கள், படலைப் பழையபடி சாத்துங்கள், கன்று ஈன்ற பசுவை நெருங்காதீர்கள். பெரும்பாலானவர்கள் மறுப்பதில்லை, மோரும் தருவார்கள்.

கேள்வி (பொள்ளாச்சியிலிருந்து): எப்படியும் ஒருமுறை கடலோரமாக நடந்துவிட வேண்டும் என்பது என் ஆசை. எங்கே தொடங்குவது?

பதில்: உங்கள் ஊர்த் தண்ணீர் போகும் இடத்துக்குப் போங்கள் என்பேன். ஆழியாறு மேற்கே ஓடிப் பாரதப்புழையில் கலந்து, பொன்னானியில் அரபிக்கடலை அடைகிறது. நொய்யலும் பவானியும் அமராவதியும் காவிரியோடு கிழக்கே போகின்றன. ஆகவே கொங்கு நாட்டவருக்கு இரண்டு கடற்கரைகளும் உறவுதான்.

பொன்னானிக்குப் பாலக்காடு வழியாக அரை நாள் பயணம் போதும். ஆற்றின் முகத்துவாரம், கலங்கரை விளக்கம், மீன்பிடித் துறை, குளிர்காலத்தில் வந்திறங்கும் கடற்காகங்கள் எல்லாம் ஒரு மாலை நடைக்குள் அடங்கும். ஆனி முதல் ஆவணி வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் சீறும். அப்போது கரையோரம் போகாதீர்கள்.

நீண்ட நடை வேண்டுமென்றால் காவிரி கடலில் கலக்கும் பூம்புகாரிலிருந்து தரங்கம்பாடிக்கு நடக்கலாம். டேனியர் 1620-இல் எழுப்பத் தொடங்கிய கோட்டையும், அதனருகே அலைகள் அரித்துவிட்ட மாசிலாமணிநாதர் கோயிலும் நடையின் முடிவில் காத்திருக்கும். ஓதம், அதாவது கடலேற்றம், வடிந்திருக்கும் நேரத்தில், நீர் நனைத்த கெட்டி மணலில் நடந்தால் கால் புதையாது. வெயில் ஏறியதும் சவுக்குத் தோப்பின் நிழலுக்கு மாறிக்கொள்ளலாம். வழியில் சிற்றாறுகளின் முகத்துவாரங்கள் குறுக்கிடும். முழங்கால் ஆழம்தான் என்று நினைத்து இறங்கிவிடாதீர்கள்; மணல் இடம் மாறுவதால் நேற்றைய ஆழம் இன்று இருக்காது. உள்நாட்டுப் பக்கமாகப் பாலத்தைத் தேடிச் சுற்றிப் போங்கள். மீனவர் குப்பங்களில் உலர்த்தியிருக்கும் வலையை மிதிப்பது பெரும் பிழை. தை முதல் பங்குனி வரை நடக்க ஏற்ற காலம். அந்த மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிட இரவில் கரையேறும் என்பதால், இருட்டிய பிறகு விளக்கோடு மணலில் திரிய வேண்டாம்.

கேள்வி (சூலூரிலிருந்து): பழைய வணிகப் பாதையில் இன்றும் நடக்க முடியுமா?

பதில்: முழுமையாக முடியாது, துண்டு துண்டாக முடியும். கோவைக்கு மேற்கே சுண்டக்காமுத்தூர் அருகே பாறையில் இராசகேசரிப் பெருவழி என்னும் கல்வெட்டு, வட்டெழுத்திலும் தமிழ் எழுத்திலும் இருக்கிறது. மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக உள்நாட்டுக்கு வந்த பாதை அது. நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணல், சங்க நூலான பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருகிறது. அங்கே கல்மணிகள் செய்த பட்டறைகளையும் இரும்பு உருக்கிய உலைகளையும் அகழ்வாய்வில் கண்டறிந்துள்ளனர். ஊரின் அருகே பெருங்கற்கால ஈமக்குழிகளைச் சுற்றி நடக்கும்போது பானை ஓடுகள் காலில் தட்டுப்படும். அவற்றை எடுத்து வராதீர்கள். கிடந்த இடத்தில் கிடக்கும் வரைதான் அந்த ஓட்டுக்குப் பேச்சு உண்டு. அருகில் ஓடும் நொய்யலைப் பார்க்கும்போது மனம் வலிக்கும். சாயக்கழிவு சுமந்த ஆறு அது. தண்ணீரில் கை நனைக்க வேண்டாம்.

கேள்வி (கோபியிலிருந்து): எந்த மாதம் நல்லது? பாம்புக்கு என்ன செய்வது?

பதில்: நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய மழை, அதன் பின் மாசி வரை நடக்கலாம். ஆடியில் கணவாய்க் காற்று புழுதியை முகத்தில் வாரி இறைக்கும். வெள்வேல முள் செருப்பைத் துளைக்கும் என்பதால் தடித்த அடியுள்ள காலணி தேவை. புல் மறைத்த இடத்தில் கோலால் தட்டிக்கொண்டே செல்லுங்கள். கடித்துவிட்டால் கட்டவோ கீறவோ கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல், உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

கேள்வி (பல்லடத்திலிருந்து): எங்கள் ஊர் இட்டேரியின் வேலியை இயந்திரம் வைத்துப் பிடுங்கிவிட்டுக் கம்பி கட்டிவிட்டார்கள். இனி அதில் நடந்து என்ன பயன்?

பதில்: என் சொந்த ஊரிலும் அதுவே நடந்தது. நான் அளந்து குறித்த பாதை ஒன்று இன்று கல்தூணுக்கும் கம்பிக்கும் இடையே வெறிச்சோடிக் கிடக்கிறது. கௌதாரியின் குரலைக் கேட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் நடங்கள். ஆள் நடமாட்டம் நின்ற பாதையைத்தான் முதலில் உழுது சேர்த்துக்கொள்கிறார்கள். கம்பிவேலி போட்டவரிடம் சண்டைக்குப் போகாமல், கம்பியை ஒட்டியே கிளுவை நட இசைவு கேளுங்கள். கம்பி துருப்பிடிக்கும், கிளுவை தழைக்கும் என்று சொன்னால் விவசாயிக்கு விளங்கும். விதை தேட வேண்டியதில்லை. நல்ல போத்தாக, அதாவது நடுவதற்கான கிளையாக, ஒடித்து, மண்ணில் ஈரம் இருக்கும்போது ஒரு முழ இடைவெளியில் ஊன்றினால் அது துளிர்த்துக்கொள்ளும். முதல் இரண்டு ஆண்டுகள் ஆடு கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். போத்து தேவையானால் எங்கள் தோட்டத்து வேலியிலிருந்தே வெட்டித் தருகிறேன்.